ஆயாவுக்கு ரூம் இல்லாத ஃபேமிலி ரிசார்ட்

புக்கிங் பக்கத்துல 'ஃபேமிலி வில்லா'ன்னு பெருசா போட்டிருந்தது. கீழ சின்ன எழுத்துல, பெரியவர்கள் 2, குழந்தைகள் 2. நாங்க மொத்தம் எட்டு பேர். அக்கா, மாமா, அவங்களோட ரெண்டு பசங்க, அம்மா, அப்பா, ஆயா, நான். பெண்ணாடத்துல இதுக்குப் பேரு குடும்பம். மாலத்தீவு ரிசார்ட்டுல இதுக்குப் பேரு 'குரூப்', அதுக்கு வேற ரேட்.

மாமா சிங்கப்பூர்ல வேலை பாக்குறார். ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டே இருந்த ட்ரிப் இது. போன மே மாசம், மழை சீசன்ங்கறதால விலை இறங்கினப்போ, மூணு வில்லா போட்டார், நாலு ராத்திரி. ஆயாவுக்கு 73 வயசுல முதல் பாஸ்போர்ட். கடலூர் போய் கைரேகை வைக்கறப்போ மெஷின் எடுக்கவே இல்ல; நாத்து நட்ட கை. மூணாவது தடவை துடைச்சு வெச்சப்புறம்தான் பச்சை லைட்டு எரிஞ்சுது. திருச்சியில ஏறி, கொழும்பு மாறி, மாலே இறங்கி, அங்கேர்ந்து ஸ்பீட்போட்டுல நாப்பது நிமிஷம். ஆயா கண்ணை மூடிக்கிட்டே வந்துச்சு.

நானும் ஆயாவும் ஒரு வாட்டர் வில்லா. கட்டில்மேல பூ இதழால ஹார்ட் போட்டு, துண்டை மடிச்சு ரெண்டு அன்னம் செஞ்சு வெச்சிருந்தாங்க. "யாருக்குடா பொறந்தநாளு?"ன்னு ஆயா கேட்டுச்சு. நான் பதில் சொல்லல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ரிசார்ட் நல்லாத்தான் இருந்துச்சு. படத்துல பாக்கற அந்தத் தண்ணி நிறம் ஃபில்டர் இல்ல, நிஜம். மீனுங்க நடுவுல முகத்தைப் புதைச்சு மிதக்கறப்போ செமஸ்டர், அரியர், பிளேஸ்மென்ட் எதுவுமே ஞாபகம் வரல. அதனால 'பணக்காரங்க வேஸ்ட் பண்றாங்க'ன்னு எழுத வரல. மாமா உழைச்ச காசு, அவர் ஆசைப்பட்டு எங்களைக் கூட்டிட்டுப் போனார். என்னோட சண்டை 'ஃபேமிலி ஃப்ரெண்ட்லி'ங்கற அந்த ரெண்டு வார்த்தையோட மட்டும்தான்.

அந்த ரிசார்ட் குடும்பத்துக்கு என்ன செய்யுதுன்னு யோசிச்சுப் பாத்தா, குடும்பத்தைப் பிரிச்சு வைக்குது. நாலு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் கிட்ஸ் கிளப். பெரியவங்களுக்கு மட்டும்னு ஒரு நீச்சல் குளம். அம்மாக்களுக்கு ஸ்பா. சாயங்காலம் குழந்தையைப் பாத்துக்க மணிக்கணக்குல ஆள் கிடைக்கும், தனி பில். எல்லாரும் ஒரே தீவுல இருக்கோம், சாப்பாட்டு நேரத்துல மட்டும் சந்திக்கிறோம். அக்காவுக்கு இது உண்மையிலேயே தேவையா இருந்துச்சு, அதை நான் மறுக்கல. ரெண்டு பசங்களை வெச்சுக்கிட்டு வேலைக்கும் போறவ, நாலு வருஷத்துல முதல்முறையா மதியம் தூங்கினா.

ஆனா ஆயா? ஊர்ல சின்னவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்க வைக்கறது எல்லாம் ஆயாதான், அக்கா லீவுக்கு வர்றப்பல்லாம். இங்க அந்த வேலையை யூனிஃபார்ம் போட்ட ஒரு பொண்ணு செய்யுது. ரெண்டாவது நாள் ஆயா கிட்ஸ் கிளப் உள்ள போய் ஓரமா உக்காரப் பாத்துச்சு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க, பெரியவங்க இருக்கணும்னு அவசியம் இல்ல, நீங்க போய் ரெஸ்ட் எடுங்கன்னு. நான் மொழிபெயர்த்தேன். ஆயா வெளிய இருந்த பெஞ்சுல ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருந்துச்சு. கேட்டதுக்கு, "ரெஸ்ட்டுதான்டா எடுக்கறேன்"னு சொல்லுச்சு.

அன்னிக்கு ராத்திரி ஏசியில தண்ணி ஒழுகுச்சு. சரி பண்ண ஒரு அண்ணன் வந்தார். ஆயா தனக்குத்தானே ஏதோ புலம்பினதைக் கேட்டுட்டு ஏணியிலேர்ந்து தமிழ்ல சிரிச்சார்.

"எந்த ஊருப்பா?"

"புவனகிரி பக்கம் ஆயா."

"வெள்ளாத்தங்கரையா? எங்களுக்கும் வெள்ளாறுதான். பெண்ணாடம்."

எங்க ஊர் வழியா ஓடற வெள்ளாறு புவனகிரியைத் தாண்டி பரங்கிப்பேட்டையில கடல்ல விழுது. அதுக்கப்புறம் ஆயாவுக்கு அவர் ஊர்க்காரப் பிள்ளை. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருன்னுச்சு. அவர் உக்காரல, கெஸ்ட் ரூம்ல உக்காரக் கூடாதாம். ஊர்லேர்ந்து கொண்டுவந்த தட்டையைக் கொடுத்துச்சு. அதை மட்டும் பாக்கெட்டுல போட்டுக்கிட்டார்.

டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் முடிச்சவர். நாலு வருஷமா அங்க. வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு. மூணு வயசுல பொண்ணு இருக்கு, நேர்ல பாத்தது மொத்தமா எண்ணினா அறுபது எழுபது நாள். தங்கறது தீவோட நடுவுல, செடி மறைப்புக்குப் பின்னால, ஒரு ரூமுக்கு நாலு பேர். ட்யூட்டி முடிஞ்சாலும் கெஸ்ட் நடக்கற பீச்சுக்கு வர முடியாது. சம்பளத்தைவிட சர்வீஸ் சார்ஜ் பங்குதான் பெருசுன்னார். மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் போட்டிருக்கே, அதுல ஒண்ணு அந்த 10 சதவீதம், இன்னொண்ணு வரி. ஒன்பது டாலர் இளநீர் அப்படித்தான் பதினொண்ணைத் தாண்டுது. இது போக அரசாங்கத்தோட பசுமை வரி, ரிசார்ட்டுல ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், 2025 ஜனவரியிலேர்ந்து.

மாலத்தீவுப் பெண்கள் ரிசார்ட் வேலைக்கு ரொம்பக் குறைவாத்தான் வர்றாங்க. முக்கியமான காரணம், வேலைக்கு வந்தா வீட்டை விட்டுட்டு இன்னொரு தீவுலயே தங்கணும். அதாவது குடும்பம் இருக்கறவங்க வேலை பாக்க முடியாத இடத்துக்கு நாம வெச்ச பேரு ஃபேமிலி ஃப்ரெண்ட்லி. இதை அக்காகிட்ட சொன்னேன். "எல்லாத்துலயும் ஒண்ணு கண்டுபிடிப்ப"ன்னா.

மூணாவது நாள் ரிசார்ட்டோட பின்பக்கத்தைச் சுத்திக் காட்டற டூர் இருக்குன்னு ரிசப்ஷன்ல சொன்னாங்க. இலவசம். நான் மட்டும்தான் பேர் கொடுத்தேன் (ட்ரிபிள்இ பசங்களை எங்க கொண்டுபோய் விட்டாலும் ஜெனரேட்டர் ரூமுக்குத்தான் போவோம்). பவளத்தீவுல ஆறு கிடையாது. மண்ணுக்கடியில மழைத் தண்ணி மெல்லிசா ஒரு படலமா உப்புத் தண்ணிமேல மிதக்கும், அவ்வளவுதான். அதிகமா உறிஞ்சினா உப்பு மேல ஏறிடும். அதனால குடிக்க, குளிக்க எல்லாத்துக்கும் கடல் தண்ணியை ஆர்ஓ பண்றாங்க. கரென்ட்டுக்கு டீசல் ஜெனரேட்டர், கூரைமேல கொஞ்சம் சோலார்.

ரூமுக்கு வந்து கணக்குப் போட்டேன். கடல் தண்ணி ஆர்ஓவுக்கு 1000 லிட்டருக்கு 3லேர்ந்து 4 யூனிட் ஆகும். ஜெனரேட்டர்ல ஒரு லிட்டர் டீசலுக்கு கிட்டத்தட்ட மூன்றரை யூனிட் கிடைக்கும். ஆக 1000 லிட்டர் நல்ல தண்ணிக்கு ஒரு லிட்டர் டீசல். பாத்டப் நிறைக்க கால் லிட்டர். நான் பயந்த அளவுக்கு இல்ல. ஆனா கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நாள் முழுக்க ஓடற ஒன்றரை டன் ஏசி 25லேர்ந்து 30 யூனிட் இழுக்கும், அது எட்டு லிட்டர் டீசல் பக்கம். குற்றவாளி தண்ணி இல்ல, ஏசி. அன்னிலேர்ந்து ராத்திரி பால்கனிக் கதவை மூடிட்டுத்தான் தூங்கினேன். இது பெரிய தியாகம்லாம் இல்ல, கொசுவும் இருந்துச்சு.

2014 டிசம்பர்ல மாலே நகரத்தோட குடிநீர் ஆலையில தீப்பிடிச்சு, லட்சம் பேருக்கு மேல குடிக்கத் தண்ணி இல்லாம நின்னாங்க. இந்தியா ஃப்ளைட்டுலயும் கப்பல்லயும் தண்ணி அனுப்புச்சு. ஒரு நாட்டுக்கே தண்ணியை ஃப்ளைட்டுல அனுப்பற நிலைமை.

வில்லாவுல தரையில ஒரு கண்ணாடி பதிச்சிருந்தாங்க, கீழ மீன் ஓடறது தெரியும். ஆயா அது மேல கால் வைக்கவே இல்ல, சுத்திக்கிட்டுப் போகும். ஒரு நாள் அது பக்கத்துல உக்காந்து கேட்டுச்சு, "இங்க நந்தி எந்தப் பக்கம்டா பாத்துக்கிட்டிருக்கு?" எங்க ஊர் பிரளயகாலேஸ்வரர் கோயில்ல நந்தி சாமியைப் பாக்காது, வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கும். பிரளயத் தண்ணி வந்தப்போ தடுத்து நிறுத்தத் திரும்புச்சு, அப்படியே இருக்குன்னு கதை. மாலத்தீவோட சராசரி உயரம் கடல் மட்டத்துலேர்ந்து ஒன்றரை மீட்டர் அளவுதான். நான் பிறந்த 2004ல அந்த சுனாமி அங்கயும் போச்சு. 80 பேருக்கு மேல செத்தாங்க. நம்ம கடலூர் மாவட்டத்துல அறுநூறுக்கும் மேல. ஆயா கேட்டது ஜோக் இல்லன்னு எனக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் புரிஞ்சுது.

கடைசி நாள் 'உள்ளூர்த் தீவு' பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க, அதுக்கும் தனிக் காசு. இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். 1972ல முதல் ரிசார்ட் வந்ததுலேர்ந்து மாலத்தீவு பிடிச்ச வழி, ஒரு தீவு ஒரு ரிசார்ட். ஆளில்லாத தீவுல டூரிஸ்ட், ஆளிருக்கற தீவுல ஜனங்க. மதுவும் நீச்சல் உடையும் ஊருக்குள்ள வராம இருக்க அது ஒரு வேலி. அந்த வேலியை முழுசா தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நம்ம ஊர்லயும் அப்படித்தான் கேட்டிருப்பாங்க. ஆனா ரிசார்ட் பணம் பக்கத்துத் தீவுக்காரங்க கைக்குப் போகாம இருந்ததும் அதே வேலியாலதான். 2009ல சட்டம் மாறினப்புறம்தான் ஊர்த் தீவுகள்ல கெஸ்ட்ஹவுஸ் வந்துச்சு. மாஃபுஷி மாதிரி தீவுகள்ல இப்ப வரிசையா இருக்கு.

நாங்க போன தீவுல, தெருவோரம் கம்பிச் சட்டத்துல கயிறு பின்னித் தொங்கவிட்ட நாற்காலிகள். அங்க எல்லா ஊர்லயும் இருக்குமாம், சாயங்காலம் உக்காந்து பேசறதுக்கு. ஒரு மாலத்தீவுப் பாட்டி உக்காந்திருந்தாங்க. ஆயா பக்கத்துல போய் உக்காந்துச்சு. யாரும் எந்திரிக்கச் சொல்லல. அவங்க திவெஹி, இது பெண்ணாடத்துத் தமிழ். முட்டி வலியைப் பத்தித்தான் பேசினாங்கன்னு நினைக்கறேன், ரெண்டு பேரும் முட்டியைத் தொட்டுத் தொட்டுக் காமிச்சுக்கிட்டாங்க. சின்னவன் மணல்ல யாரோட பந்தையோ துரத்திக்கிட்டிருந்தான். நாலு நாள்ல ஆயா சிரிச்சதை நான் பாத்தது அப்பதான். ஒரு மணி நேரம்தான் கொடுத்தாங்க, போட் கிளம்பிடுச்சு.

அதனால போகணும்னு பிளான் பண்றவங்களுக்கு என் கருத்து இது. வீட்ல வயசானவங்களோட போறீங்கன்னா ரிசார்ட்டுல ஒரு ராத்திரி போதும், மிச்சத்தை ஊர்த் தீவு கெஸ்ட்ஹவுஸ்ல போடுங்க. பசுமை வரியே சின்ன கெஸ்ட்ஹவுஸ்ல பாதிதான். கடல் அதே கடல்.

இதை இப்ப எழுதக் காரணம் லட்சத்தீவு. 2024 ஜனவரியில பிரதமர் அங்க போன படங்களுக்கு மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் மூணு பேர் கிண்டல் பண்ணி சஸ்பெண்ட் ஆனாங்க. நம்ம ஹாஸ்டல் குரூப்ல எல்லாரும் 'பாய்காட் மாலத்தீவு' ஸ்டேட்டஸ் வெச்சோம், நானும் வெச்சேன், அடுத்த வருஷம் அங்கயே போனேன். சரி. ஆனா அதுக்கு முன்னாடியே, 2023 ஜனவரியிலயே, டாடாவோட ஐஎச்சிஎல் லட்சத்தீவுல சுஹேலி, கத்மத் ரெண்டு தீவுலயும் தாஜ் ரிசார்ட் அறிவிச்சாச்சு. ஒவ்வொண்ணும் 110 ரூம். வாட்டர் வில்லா ஒண்ணுல 50, இன்னொண்ணுல 35. சுஹேலியில ஊர் கிடையாது. கத்மத்துல ஜனங்க இருக்காங்க. மொத்த லட்சத்தீவே 32 சதுர கிலோமீட்டர், 2011 கணக்குப்படி 64,000 பேர். வேலை வரும்னு சொல்றாங்க, வரட்டும், வேணும். ஆனா அங்க கத்மத்துப் பொண்ணு ட்யூட்டி முடிச்சிட்டு ராத்திரி தன் வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியுமா, அந்த ஊர்ப் பாட்டி எப்பவும் உக்கார்ற கரையில அதுக்கப்புறமும் உக்கார முடியுமாங்கறதை இப்பவே கேக்கணும். ரிசார்ட் திறந்தப்புறம் செக்யூரிட்டிகிட்டதான் கேக்க முடியும்.

கிளம்பறப்போ அந்த அண்ணன் ஜெட்டி வரைக்கும் வர முடியல. முந்தின நாளே ஒரு பார்சல் கொடுத்து வெச்சார், பொண்ணுக்கு. ஒரு கவுன், சிப்பி பாட்டில்ல கொஞ்சம் வெள்ளை மணல். மணல் எடுத்துட்டுப் போகக் கூடாது, ஏர்போர்ட்டுல பிடிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருந்தேன். பாட்டிலை அங்கயே கொட்டிட்டு கவுனை மட்டும் புவனகிரியில கொண்டு போய்க் கொடுத்தேன். அளவு சின்னதாப் போச்சு. அவர் மனசுல இருந்த சைஸ் போன வருஷத்தோடது.

போன வாரம் நம்ம டிபார்ட்மென்ட் குரூப்ல மாலத்தீவு ரிசார்ட் ஒண்ணுல எலெக்ட்ரிக்கல் வேகன்சி வந்துச்சு, டாலர்ல சம்பளம், சாப்பாடு தங்கறது ஃப்ரீ. பாதிப் பேர் ரெஸ்யூமே அனுப்பியாச்சு, நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்டர்வியூ போறவங்க மூணு கேளுங்க. வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு, டிக்கெட் யார் போடுவாங்க, வேலை செய்யறவனோட அம்மா அப்பாவை ஒரு தடவையாவது அங்க தங்க விடுவாங்களா. மூணாவது கேள்விக்கு என்ன பதில் வருதுன்னு எனக்கும் அனுப்புங்க.