காசு கொடுத்தவர் எல்லாம் உரிமையாளர் அல்லர்

எமது ஊர்களில் நூல் வெளியீட்டு விழா என்றால் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்பவர் பெரும்பாலும் ஒரு வர்த்தகராகவே இருப்பார். அச்சுக்கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தவரும் அவராக இருக்கலாம். வியாபாரிகளின் ஆதரவு இல்லாவிட்டால் எமது எழுத்தாளர்களில் பலரின் நூல்கள் வெளிச்சத்துக்கே வந்திருக்காது. அந்த நல்ல வழக்கத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் ஒரு பேர்ச் காணி வாங்குவதென்றாலும் உறுதியை நொத்தாரிசிடம் காட்டாமல் முற்பணம் கொடுக்காத எம்மவர்கள், ஒரு நூலுக்கு இலட்சக்கணக்கில் செலவிடும்போது ஒரு துண்டுக் கடதாசியும் எழுதிக்கொள்வதில்லை. எழுத்தாளரும் கேட்பதில்லை. இது இரு தரப்புக்கும் ஆபத்தானது என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் உரிமை யாருடையது என்பதைப் பார்ப்போம். இலங்கையில் இதனை நிர்ணயிப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஒரு படைப்பை எழுதியவருக்கு, எழுதிய அந்தக் கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அந்த உரிமை அவர் வாழும் காலம் முழுவதும், அவர் காலமான பின்னர் மேலும் 70 ஆண்டுகளும் நீடிக்கும். 1980இல் காலமான ஒருவரின் கதைகளுக்கு 2050ஆம் ஆண்டின் இறுதி வரை அவரது வாரிசுகளே உரித்தாளிகள்.

தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்கும் ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைப் பெற்றுவிட்டால் உரிமை பதிவாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அது நூலை அடையாளம் காண்பதற்கான இலக்கம் மட்டுமே. கடைச் சாமானில் இருக்கும் பார்கோட் எப்படி அந்தச் சாமானுக்கு உறுதி ஆகாதோ, இதுவும் அப்படித்தான்.

அச்சுக்குப் பணம் கொடுத்தவருக்கு நூலின் உரிமை தானாகப் போய்ச் சேராது. உரிமையைக் கைமாற்றுவதாயினும், அச்சிட அனுமதி கொடுப்பதாயினும், அது எழுத்தில் இருக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர்கள் கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. வாய்ப் பேச்சும், முன்னட்டைக்குள் போட்ட புகைப்படமும், “அனுசரணை” என்ற சொல்லும் அதற்கு ஈடாகா.

எனக்குத் தெரிந்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன், பெயர்கள் வேண்டாம். ஓர் ஆசிரியர் மாணவர்களுக்கான பயிற்சி நூல் ஒன்றை எழுதினார். ஒரு புத்தகக் கடை முதலாளி தன் செலவில் 1000 பிரதிகள் அச்சிட்டார். நூல் நன்றாகப் போனது. அடுத்த வருடம் முதலாளி இரண்டாம் பதிப்பை அடித்தார், ஆசிரியரிடம் கேட்கவில்லை. “நட்டம் வந்திருந்தால் நான்தானே தாங்கியிருப்பேன், இலாபம் வந்தால் மட்டும் அவருக்குப் பங்கா?” என்பது முதலாளியின் வாதம். “நான் ஒரு பதிப்புக்குத்தானே சம்மதித்தேன்” என்பது ஆசிரியரின் வாதம். வியாபார நியாயத்தின்படி இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாததால் சட்டத்தின் தராசு ஆசிரியரின் பக்கமே சாய்ந்தது. முதலாளி எஞ்சிய பிரதிகளைக் கட்டி வைக்க நேர்ந்தது. நீண்ட கால நட்பும் போனது.

இதைத் தவிர்க்க பெரிய ஆவணம் தேவையில்லை. எத்தனை பிரதிகள், எத்தனை பதிப்பு, என்ன விலை, கடைகளுக்கான கொமிஷன் எவ்வளவு, விற்காத பிரதிகள் யாருக்கு, கணக்கு எப்போது காட்டப்படும், மொழிபெயர்ப்பு உரிமையும் இணையப் பதிப்பு உரிமையும் யாரிடம் இருக்கும் என்பவற்றை இரண்டு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். சொல்லப்படாத உரிமை எழுத்தாளரிடமே தங்கிவிடும் என்பதை முதலிடுபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். உரிமை முழுவதையும் விற்றுவிட்டாலும் நூலில் தன் பெயர் இருக்க வேண்டும், தன் எழுத்து சிதைக்கப்படக்கூடாது என்று கேட்கும் தார்மீக உரிமை ஆசிரியரிடமே இருக்கும். சம்பளத்துக்கு வேலை செய்பவர் தன் கடமையின் ஒரு பகுதியாக எழுதியதற்கு மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே உரிமையாளர்.

அடுத்தது, கைப்பிரதிக்குள் இருக்கும் பிறர் சரக்கு. கருத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதைச் சொன்ன விதத்துக்கே பாதுகாப்பு. ஆகவே பிறர் நூலிலிருந்து அளவோடு மேற்கோள் காட்டி, மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் குறிப்பிடலாம். அத்தியாயம் அத்தியாயமாக எடுக்க முடியாது. மொழிபெயர்க்கவும் அனுமதி வேண்டும். இணையத்தில் கிடைத்தது என்பதற்காக ஒரு புகைப்படத்தை அட்டையில் போட முடியாது, அதை எடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு. பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாளிலும் “முழுப் பதிப்புரிமையுடையது” என்று அச்சிட்டிருப்பதைப் பயிற்சி நூல் போடுபவர்கள் கவனிக்க வேண்டும். தெரிந்தே பதிப்புரிமையை மீறுபவருக்கு ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டப்பணமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. திருட்டுப் பதிப்பு என்று தெரிந்தும் விற்கும் கடைக்காரரும் தப்ப முடியாது.

மூன்றாவது, எழுதிய விடயத்துக்கான பொறுப்பு. அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக் கோவையின் பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டன. அதனால் யாரைப் பற்றியும் எதையும் எழுதலாம் என்று பொருளல்ல. எமது நாட்டின் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி சிவில் நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்க இன்றும் முடியும். இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும், அவ்வளவுதான். “யாவும் கற்பனை” என்று ஒரு வரி போட்டுவிட்டு, ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரியும்படி எழுதினால் அந்த வரி காப்பாற்றாது. எழுதியவரோடு வெளியிட்டவரும் அச்சிட்டவரும் வழக்கில் இழுக்கப்படலாம்.

இதைவிடப் பாரதூரமானது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் 3ஆம் பிரிவு. இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுப்பது அதன் நோக்கம். பத்து வருடம் வரை கடூழியச் சிறை விதிக்கலாம், பிணை வழங்க மேல் நீதிமன்றத்துக்கே அதிகாரம். சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் இதன் கீழ் கைதாகி, அதே ஆண்டு ஓகஸ்டில்தான் பிணையில் வந்தார். 2021இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். எமது கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் கதையை வாசகர்கள் அறிவார்கள். அவரது ‘நவரசம்’ கவிதைத் தொகுதி முன்னிறுத்தப்பட்டு 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இவ்விருவரும் சட்டம் தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குற்றமற்ற எழுத்தும் விசாரணைக்கு உள்ளாகலாம் என்பதைத்தான் இவர்களின் அனுபவம் காட்டுகிறது. அதற்காக எழுதாமல் இருப்பதோ, எழுதுபவர்களைக் கைவிடுவதோ தீர்வாகாது. அச்சுக்குப் போகுமுன் மொழியும் சட்டமும் தெரிந்த ஒருவரிடம் கைப்பிரதியைக் காட்டலாம். பிரச்சினை வந்தால் சட்டச் செலவை யார் ஏற்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதலாம். முதற்பிரதியை வாங்கும்போது மேடையில் நிற்பவர், பொலிஸார் வந்து கேட்கும்போது “எனக்கு அந்தப் பொடியனைத் தெரியாது” என்று சொல்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

எனவே வர்த்தகச் சகோதரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உதவி கேட்டு ஓர் எழுத்தாளர் கைப்பிரதியோடு வந்தால் அட்டைப் படத்தையும் உங்கள் வாழ்த்துரையையும் பார்ப்பதோடு நிற்காதீர்கள். பதிப்பு விபரம் போடும் பக்கத்தைக் கேளுங்கள். உரிமை யாருக்கு, வெளியிடுபவர் யார், அச்சிடுபவர் யார், படங்கள் யாருடையவை என்று அதில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அச்சுக்கூலியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் ஒரு சட்டத்தரணி அரை நாளில் இதைச் சீர்செய்து தருவார். நீங்கள் கொடுப்பது அன்பளிப்பு என்றால் அன்பளிப்பு என்று எழுதுங்கள், முதலீடு என்றால் முதலீடு என்று எழுதுங்கள். கூச்சப்பட்டு எழுதாமல் விட்டால், நூல் நன்றாக விற்பனையாகும் நாளில்தான் சண்டை தொடங்கும்.