வெடிமருந்தைக் காட்டும் ஒளி

பூந்தமல்லி வழியே மேற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை ஸ்ரீபெரும்புதூரை அடைகின்றது. 1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் இரவு அவ்வூரில் ராஜீவ் காந்தியும் அவரைச் சூழ்ந்து நின்றோர் பலரும் வெடிகுண்டுக்கு இரையாயினர். அவ்வழக்கை ஆராய்ந்து 1998-ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்புரைத்த தனி நீதிமன்றமும் பூந்தமல்லியிலேயே இருந்தது. ஆதலின் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் வாழ்வோர்க்கு வெடிமருந்தை முன்னறிதல் பற்றிய பேச்சு எங்கோ ஓர் ஆராய்ச்சிச் சாலைக்குள் அடங்கிவிடும் பேச்சன்று. தமிழ் பயில்வோர்க்கு இரசாயனத்தில் என்ன வேலையென நண்பர் சிலர் வினவக்கூடும். சோதனை வாயிலில் வரிசையாக நிற்போர் எல்லாத் துறையினருமே என்பது எமது விடை.

இரயில் நிலையத்திலும் பொதுக்கூட்டத்திலும் நாம் புகுந்து செல்லும் வாயிற்சட்டம் உலோகத்தை அறியுமேயன்றி மருந்தை அறியாது. மோப்ப நாய் மருந்தை அறியும். ஆயினும் அது களைக்கும், ஓய்வு வேண்டும், பழக்கவும் நெடுங்காலம் செல்லும். இக்குறையை நீக்கவே அறிஞர் ஒளிர்வு என்னும் முறையை நாடினர். ஒரு நிற ஒளியை வாங்கி, உடனே வேறு நிற ஒளியாக வெளிவிடும் பொருள்கள் உள. டி.என்.டி., பிக்ரிக் அமிலம் முதலியன பென்சீன் வளையத்தின்மேல் நைட்ரோத் தொகுதிகள் ஏறியவை. அத்தொகுதிகள் எலெக்ட்ரானைத் தம்பால் இழுக்கும் பேராவல் உடையன. ஒளிரும் பொருளருகே அவை வந்தால், ஒளியாக வெளிப்படவேண்டிய ஆற்றல் அவற்றின்பால் எலெக்ட்ரான் பாய்வதிலேயே கழிந்துவிடும்; ஒளி மங்கும். மங்குதலே எச்சரிக்கை.

அமெரிக்காவில் திமோதி ஸ்வேகர் என்பார் 1998-இல் இதனை மேலும் கூர்மையாக்கினார். ஒளிரும் மூலக்கூறுகளை நெடுஞ்சங்கிலியாகக் கோத்தார் அவர். கிறிஸ்துமஸ் காலத்துச் சரவிளக்கில் ஒரு குமிழ் பழுதாயின் சரம் முழுவதும் அணைவதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறே சங்கிலியின் ஓரிடத்தில் டி.என்.டி. படினும் பெரும்பகுதி ஒளி தணிகின்றது. நம் நகரத்திலேயே, சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் பிரதீப் குழுவினர் பூவடிவான பொன் நுண்துகள்களையும் வெள்ளி அணுக்கொத்துகளையும் இணைத்து, ஏறத்தாழ 600 மூலக்கூறுகளுக்கும் குறைந்த டி.என்.டி.யைக் கண்டறிந்து 2012-இல் வெளியிட்டனர். இஃது எவரும் வியக்கத்தக்க செயலே.

வியப்போடு நின்றுவிடலாமோ எனின், ஆகாது என்பதே எமது துணிபு. ஸ்ரீபெரும்புதூரில் வெடித்தது டி.என்.டி. அன்று, ஆர்.டி.எக்ஸ். அதனிடத்துப் பென்சீன் வளையம் இல்லை. எலெக்ட்ரானை ஏற்கும் ஆற்றலும் குறைவு. டி.என்.டி.யின் ஆவி காற்றில் 100 கோடியில் சில பங்காகும்; ஆர்.டி.எக்ஸின் ஆவியோ அதனினும் ஆயிரமடங்கு அருகியது. மணலியில் பல்லாண்டு கிடந்து, 2020 ஆகஸ்டில் பெய்ரூத் நகரம் சிதைந்த பின்னர் ஐதராபாத்துக்கு அனுப்பப்பெற்ற சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டும் வளையமற்ற உப்பே. நைட்ரோ வளையத்துக்கென அமைந்த ஒளிச்சங்கிலி இவ்விரண்டின் முன்னும் பெரும்பாலும் மங்காது ஒளிரும். அவ்வொளியை நம்பிக் காவலர் வழிவிடுவாராயின், அறியாமையினும் கொடிது அந்நம்பிக்கை.

இன்னும் ஒன்று. இத்துறையில் வெளியாகும் கட்டுரைகள் பல, நீரிற் கரைந்த பிக்ரிக் அமிலத்தைக் கொண்டே சோதித்து, 'வெடிமருந்து அறியும் பொருள்' என்று தலைப்பிடுகின்றன. பிக்ரிக் அமிலமோ மஞ்சள் நிறத்தது. ஒளிர்வைத் தூண்டும் ஒளியைத் தானே விழுங்கிவிடவல்லது. விளக்கின்முன் திரையிட்டு விளக்கு அணைந்தது என்பது போன்றதே அவ்வாறு மங்குதல்.

பொய்யெச்சரிக்கையின் தீங்கும் சிறிதன்று. 1888-இல் ஆல்பர்ட் பவுர் என்பார் டி.என்.டி.யை ஒத்த பொருள்களை ஆராயுங்கால் செயற்கைக் கஸ்தூரியைக் கண்டார். ஒருகாலத்தில் சோப்பிலும் அத்தரிலும் பெருவழக்காயிருந்த அவ்வகை மணப்பொருள்களும் நைட்ரோ வளையக் குடும்பத்தனவே. சாயப்பொருள்களிலும் இக்குடும்பத்தன உள. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து இரயிலேறும் தொழிலாளி ஒருவரின் பையருகே ஒளி மங்கிற்றென்று கொள்வோம். அவரை மறித்து நிறுத்துபவர், அம்மங்குதல் ஐயமே, சான்றன்று என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இல்லையேல் கருவியின் பிழைக்கு ஏழை தண்டம் செலுத்துவான்.

ஒரே கருவி எல்லாவற்றையும் அறிதல் இயலாதென்பர் சிலர். உண்மையே, அவ்வுண்மையைக் கருவியின் முகத்திலேயே எழுதுக என்பதே எமது வேண்டுகோள். அறிவன இவை, அறியாதன இவை என இரு வரிசைகள் அதன்மேற் பொறிக்கப்படுக. சோதனை தூய கண்ணாடிக் குப்பியோடு முடியாமல், ஆவடி நிலையத்துப் புழுதியிலும், பூந்தமல்லிப் பேருந்து நிலையத்து டீசல் புகையிலும், சித்திரை வெயிலிலும் நடைபெறுக. கையாளும் முறை, காவலர் படித்துப் பொருள் கொள்ளுமாறு நல்ல தமிழில் எழுதப்படுக. இம்மூன்றாவது பணியில் இரசாயன மாணவரும் தமிழ் மாணவரும் ஒரு மேசையில் அமர இடமுண்டு. 'குவெஞ்சிங்' என்று எழுதிவிட்டுப் போதல் எளிது, 'ஒளி மங்கினால் ஐயுறுக, மங்காவிடினும் ஆர்.டி.எக்ஸ். இல்லையென்று துணியற்க' என்று தெளிவுற எழுதுதலே உயிர் காக்கும்.

சில நூறு மூலக்கூறுகளை எண்ணும் நுண்மை நம் நாட்டில் உளது. அந்நுண்மையோடு தன் எல்லையைத் தானே கூறும் நேர்மையும் சேருமாயின், அக்கருவியை நம் ஊர் வாயில்களில் அச்சமின்றி நிறுத்தலாம்.