நிர்வாகியின் திறப்பை யாரிடம் கொடுப்பது?

கணினியில் ஒரு கோப்பைத் திருத்த முயலும்போது "அனுமதி இல்லை" என்ற அறிவித்தல் வந்தால் நம்மில் பலருக்குக் கோபம் வருகிறது. என் பணத்தில் வாங்கிய கணினி எனக்கே அனுமதி மறுப்பதா என்று கேட்கிறோம். உடனே அந்த மென்பொருளை நிர்வாகியின் அதிகாரத்துடன் திறந்து காரியத்தை முடித்துக்கொள்கிறோம். கோபம் நியாயமானதே. அதற்குக் காணும் பரிகாரம்தான் பிழையானது.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸ், ஒரே கணினியைப் பலர் பாவித்த காலத்துக்குரியது. ஆகவே சாதாரண பாவனையாளர் வேறு, எல்லாக் கதவுகளையும் திறக்கவல்ல 'ரூட்' எனும் நிர்வாகி வேறு என்று அதில் பிரித்து வைத்தார்கள். லினக்ஸும் அவ்வழியே வந்தது. 2004இல் வெளிவந்த உபுண்டு ஒரு படி மேலே சென்று ரூட் கணக்கைப் பூட்டியே வைத்தது. தேவையான கட்டளைக்கு மட்டும் 'சுடோ' மூலம் அதிகாரத்தை இரவல் பெறலாம் என்றது.

விண்டோஸின் கதை வேறு. 2001இல் வந்த எக்ஸ்பியில், நிறுவும்போது உருவாக்கப்பட்ட வீட்டுக் கணக்குகள் நிர்வாகிக் கணக்குகளாகவே அமைந்தன. பிள்ளை விளையாடினாலும் தகப்பன் மின்னஞ்சல் பார்த்தாலும் எல்லோரும் நிர்வாகிகளே. மின்னஞ்சலோடு வந்த தீநிரலைத் திறந்துவிட்டால் அதற்கும் அதே அதிகாரம் கிட்டியது. 2007இல் பொதுமக்களிடம் வந்த விஸ்டா அடிக்கடி அனுமதி கேட்கத் தொடங்கியபோது மக்கள் சலித்துக்கொண்டார்கள். வாசிக்காமலே 'ஆம்' என்று அழுத்தப் பழகினார்கள். காவற்காரன் கேட்ட கேள்விக்கு வீட்டுக்காரரே காதுகொடுக்கவில்லை.

சிறு கட்டளையொன்றை நிர்வாகியாக இயக்குவதற்கும், சாளரத்துடன் கூடிய பெரிய மென்பொருளை அவ்வாறு இயக்குவதற்கும் பாரிய வேறுபாடு உண்டு. கட்டளை சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். சாளர மென்பொருளோ எழுத்துருக்கள், படங்கள், செருகுநிரல்கள் என்று ஒரு பெரும் பரிவாரத்தை உடன் அழைத்து வருகிறது. அந்தப் பரிவாரத்தில் ஒருவன் கெட்டவனானாலும் திறப்பு அவன் கையில். வீஎல்சி என்ற புகழ்பெற்ற இயக்கி, லினக்ஸில் ரூட்டாக இயங்க மறுத்துவிடுவது இதனாற்றான்.

எதிரி எவரும் வராமலே கேடு நேர்வதும் உண்டு. நிர்வாகியாகத் திறந்த மென்பொருள், பாவனையாளரின் சொந்தக் கோப்புறையில் தன் அமைப்புக் கோப்புகளை ரூட்டின் பெயரில் எழுதிவிடலாம். 'எக்ஸ்அதொரிட்டி' எனும் சிறு கோப்பு அவ்வாறு கைமாறினால், கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுத் திரையே மீண்டும் மீண்டும் வரும். சொந்த வீட்டு வாசலில் உரிமையாளர் நிற்க வேண்டியதுதான்.

2016இல் பெடோரா 25, 2017இல் உபுண்டு 17.10 ஆகியன வேலாண்ட் எனும் புதிய திரைமுறைக்கு மாறியபோது, ரூட்டாக இயங்கிவந்த சில சாளர மென்பொருட்கள் திறக்க மறுத்தன. பாவனையாளர்கள் குமுறினார்கள். மாற்றுவழியைக் கையில் கொடுக்குமுன் பழைய வழியை அடைத்தால் குமுறல் எழத்தான் செய்யும். ஆயினும் மாற்றுவழி இல்லாமலில்லை. 'சுடோஎடிட்' கோப்பின் பிரதியொன்றை எடுத்து, சாதாரண பாவனையாளராகவே திருத்த விட்டு, முடிந்ததும் உரிய இடத்தில் வைக்கிறது. அதிகாரம் எடுப்பதற்கும் வைப்பதற்கும் மட்டுமே. சாளரம் ஒருபுறமும் அதிகாரம் பெற்ற சிறு நிரல் மறுபுறமுமாகப் பிரித்து எழுதும் மென்பொருட்களும் இதே நெறியையே பின்பற்றுகின்றன.

சிறு நிரலிலும் ஓட்டை இராதா என்று கேட்கலாம். இருந்திருக்கிறது. அதிகாரத்தை இரவல் வழங்கும் 'பிகேஎக்ஸெக்' நிரலில் 2009 முதல் ஒளிந்திருந்த ஓட்டையொன்று 2022 ஜனவரியில் பகிரங்கமானது. சிறியதொன்றிலேயே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கண்ணிற்படாத பிழை இருக்குமெனில், பல இலட்சம் வரிகள் கொண்ட பெரியதை எவ்வாறு நம்புவது?

கணினி உங்களுடையது, அதிகாரமும் உங்களுடையதே. அதை எவரும் பறிக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதை மென்பொருளிடம் கையளிக்கும்போது, எந்த வேலைக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேலை முடிந்ததும் மறவாமல் திருப்பி வாங்குங்கள்.