'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' - இந்த அறிவிப்பு செல்லுமா?

குழந்தைகளுக்கான பொருட்கள் விற்கும் பல கடைகளின் சுவரிலும் பில்லின் அடியிலும் இந்த ஒரு வரியை இன்றும் பார்க்கிறோம். வாங்கிய சில நாட்களிலேயே வாக்கரின் சக்கரம் கழன்றாலும், ஸ்ட்ரோலரின் பூட்டு பிடிக்காமல் திடீரென மடங்கினாலும், அந்த வரியைக் காட்டியே நம்மைத் திருப்பி அனுப்புகிறார்கள். நாமும் 'போனது போகட்டும்' என்று வந்துவிடுகிறோம். ஆனால் பழுதான பொருளைப் பொறுத்தவரை சட்டத்தின் முன் அந்த அறிவிப்பு செல்லாது.

1986ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்கிறது இச்சட்டம். பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள்ளும், குறிப்பிடவில்லை என்றால் 30 நாட்களுக்குள்ளும் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பில் கொடுக்காமல் விற்பதும் இதே குற்றச்சாட்டின் கீழ்தான் வருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் விலை குறைவு என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. அது கடைக்காரரின் விருப்பம். பழுது என்பது வேறு. அதில் அவருடைய விருப்பத்துக்கு இடமில்லை.

குழந்தைப் பொருட்களில் பெரும்பகுதி நமக்கு அன்பளிப்பாக வருபவை. தொட்டிலைத் தாய்மாமா வாங்கித் தந்திருப்பார், நடைவண்டியைச் சாச்சா வாங்கி வந்திருப்பார். 'பில் உங்கள் பெயரில் இல்லையே' என்று கடையில் கேட்டால் தயங்க வேண்டியதில்லை. வாங்கியவரின் சம்மதத்துடன் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. அன்பளிப்பு தருபவரிடம் பில்லையும் கேட்டு வாங்கி வைப்பதில் கூச்சம் தேவையில்லை.

'கம்பெனியிடம் போய்க் கேளுங்கள்' என்பது அடுத்த பதில். விற்றவர், தயாரித்தவர் இருவர் மீதும் புகார் கொடுக்கலாம். பெயர் தெரியாத தயாரிப்பாளரின் மலிவுப் பொருளால் குழந்தைக்குக் காயம் ஏற்பட்டால், அந்த இழப்புக்கு விற்றவரே பொறுப்பாக வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உள்ளன. அவற்றின்படி பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. பழுது தெரிந்த உடனே பொருளைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். நாமே கம்பி கட்டியோ ஒட்டியோ சரிசெய்யக் கூடாது. அது ஆபத்து மட்டுமல்ல, பழுது யாரால் வந்தது என்ற கேள்வியையும் எழுப்பிவிடும். புகைப்படம், வீடியோ எடுத்து, பில்லின் நகலுடன் கடைக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியும் பதிவாக நிற்கும். பலனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கடை வெளியூரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம்.

இரண்டாயிரம் ரூபாய் பொருளுக்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் மிக்ஸி பழுதானால் நஷ்டம் பணத்தோடு முடியும். தொட்டிலின் கொக்கி பழுதானால் அப்படி முடியாது. அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் 'ராக் அன் பிளே' என்ற சாய்வுத் தொட்டில், ஏறக்குறைய 47 லட்சம் எண்ணிக்கையில் 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. 30க்கும் அதிகமான குழந்தைகள் இறந்ததாகப் பதிவான தகவல்களே அதற்கு அடிப்படை. பதிவாகாத சம்பவம் எந்த அதிகாரியின் கண்ணுக்கும் தெரிவதில்லை. நம் நாட்டிலும் ஆபத்தான பொருட்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. மாவட்ட ஆட்சியரிடமும் புகார் அளிக்கலாம். நாம் பேசாமல் பரணில் போட்டுவிட்டால், அதே பொருள் அதே கடையில் இன்னொரு குழந்தைக்கு விற்கப்படும். பழுதானதைத் தெரிந்தே உறவினர் வீட்டுக்குக் கொடுப்பதும் பழைய பொருளாக விற்பதும் அதைவிட மோசம்.

நம் சமூகத்தில் வாங்குவோர் மட்டுமல்ல, கடை நடத்துவோரும் ஏராளம். பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்பது அவர்களுக்குப் புதிய பாடமல்ல. அந்த வரியை அகற்றிவிட்டு, 'பழுதிருந்தால் 30 நாட்களுக்குள் பில்லுடன் வாருங்கள்' என்று எழுதி வைக்க அவர்கள் முன்வர வேண்டும். அதுவரை பில்லைப் பத்திரப்படுத்துவதும், பழுதைக் கண்டால் வாய் திறப்பதும் பெற்றோராகிய நம் பொறுப்பு.