‘சாமி’ பார்த்த கதையும் ஒரு மருத்துவரின் வேண்டுகோளும்

1. 2003 மே மாசம். ‘சாமி’ ரிலீஸ். எனக்கு 14 வயசு. திருநெல்வேலிக்கு வர்ற போலீஸ் அதிகாரியா விக்ரம். நம்ம ஊரு கதைன்னா விடுவோமா? அண்ணன்கூட சைக்கிள்ல டபுள்ஸ் அடிச்சு ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டருக்குப் போயாச்சு.

2. அப்பல்லாம் ஆன்லைன் புக்கிங் கிடையாது. கவுண்டருக்குப் போற வழி, ரெண்டு பக்கமும் கம்பி போட்ட குறுகின சந்து. கவுண்டர் திறந்ததும் பின்னால இருந்து ஒரே தள்ளு. என் கால் தரையில இல்ல. கத்தணும்னு நினைச்சேன், சத்தம் வரல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு.

3. கம்பி மேல ஏறி உக்காந்திருந்த ஒரு அண்ணாச்சி, “ஏல, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?”ன்னு கேட்டு, அக்குள்ல கையக் குடுத்து என்னை உருவி வெளிய விட்டார். அரை மணி நேரத்துல நான் உள்ள உக்காந்து விசிலடிச்சேன். இதைப் பல வருஷம் பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

4. எம்பிபிஎஸ் படிச்ச பிறகுதான் அன்னைக்கு நான் எதுக்குப் பக்கத்துல போயிட்டு வந்தேன்னு புரிஞ்சது.

நெரிசல்ல இறக்கிறவங்க எல்லாரும் மிதிபட்டு இறக்கிறாங்கன்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. பல பேர் நின்ன நிலையிலேயே இறக்கிறாங்க. மூச்சை உள்ள இழுக்க நெஞ்சுக்கூடு விரியணும், உதரவிதானம் கீழ இறங்கணும். முன்னாலயும் பின்னாலயும் ஆட்கள் அழுத்தினா ரெண்டுமே நடக்காது. வாயும் மூக்கும் திறந்துதான் இருக்கும், காத்து மட்டும் உள்ள போகாது. சில நிமிஷத்துல மயக்கம், அடுத்து இதயம் நின்னுடும்.

5. 2021ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிராவிஸ் ஸ்காட் இசை நிகழ்ச்சியில் இறந்த 10 பேருக்கும் காரணம் இந்த அழுத்தம்தான். 2024 டிசம்பரில் ஹைதராபாத்தில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு தாய் இறந்தார், அவர் மகன் உயிருக்குப் போராடினான். 2025 செப்டம்பர் 27, கரூர்: 41 பேர். அதில் குழந்தைகளும் உண்டு. அந்த அரசியலுக்குள்ள நான் வரல.

6. ஒவ்வொரு தடவையும் “அறிவு கெட்ட ரசிகனுங்க”ன்னு திட்டித் தீர்க்கிறோம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒரு சதுர மீட்டருக்கு ஆறேழு பேர்னு ஆயிட்டா, கூட்டம் ஆத்து வெள்ளம் மாதிரி ஆயிடும். யார் எங்க போகணும்னு யாரும் முடிவு பண்ண முடியாது. முன்னால ஒருத்தன் மூச்சுத் திணறுறது பின்னால நிக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. அதனால இதைத் தடுக்கிற பொறுப்பு, ஆள் வர்றதுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்றவங்களுக்குத்தான். எத்தனை பேரை விடலாம், வெளிய போக எத்தனை வழி, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வரும். டிக்கெட் வாங்குற நாம இதைக் கேக்கலாம், கேக்கணும்.

7. நம்ம கையில இருக்கிறது இவ்வளவு:

• ரெண்டு தோளும் பக்கத்து ஆள் மேல இடிக்க ஆரம்பிச்சாலே வெளிய வந்துடுங்க. அதுக்கு மேல நின்னா வர முடியாது.
• மாட்டிக்கிட்டா, குத்துச்சண்டை வீரர் மாதிரி ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால மடக்கி வச்சுக்கோங்க. அந்தச் சின்ன இடைவெளிதான் உங்க மூச்சு.
• எதிர்த்துத் தள்ளாதீங்க. அழுத்தம் தளரும்போது கொஞ்சம் கொஞ்சமா குறுக்கே ஓரத்துக்கு நகருங்க. சுவர், கம்பித் தடுப்புப் பக்கம் மட்டும் போகாதீங்க.
• போன், செருப்பு விழுந்தா குனியாதீங்க.
• ஒருத்தர் மூச்சில்லாம கிடந்தா, 108ஐக் கூப்பிடச் சொல்லிட்டு, நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை பலமா அழுத்துங்க.
• கைக்குழந்தையோட போகவே வேண்டாம்.

8. இப்ப டிக்கெட் போன்லயே வந்துடுது, கம்பிச் சந்தும் குறைஞ்சு போச்சு. ஆனா டிரெய்லர் வெளியீடு, ஹீரோ வருகைன்னு கூட்டம் வேற இடத்துக்கு மாறியிருக்கு. அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் ஷூட்டிங்னு கேள்விப்பட்டா இன்னிக்கும் பசங்க பைக்கை எடுத்துருவாங்க. போகட்டும். நானும் போனவன்தான். அந்த வயசுல பாத்த படமும் ஆளும் கடைசி வரைக்கும் மனசுல நிக்கும்.

9. அந்த அண்ணாச்சி பேரு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எல்லாக் கூட்டத்துலயும் அப்படி ஒருத்தர் கம்பி மேல உக்காந்திருக்க மாட்டார். உங்க வீட்ல ஃபேன்ஸ் ஷோ போற தம்பி இருந்தா, இந்த ஏழாவது பதிவை மட்டுமாவது படிச்சுக் காட்டுங்க.