மொட்டைப் புல்லில் தீ வேண்டாம்: விருதுநகர் மாவட்ட மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

பழனிமலையின் பெயர் தாங்கிய நால்வளையப் பட்டாம்பூச்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. விரித்த இறக்கை ஒரு தீப்பெட்டியின் நீளத்தை எட்டாது. மேற்புறம் பழுப்பு. புல்லில் உட்கார்ந்து இறக்கையை மூடும்போதுதான் அழகு தெரிகிறது: சாம்பல் பூத்த பழுப்பில் நூலிழை வரிகள், முன்னிறக்கையில் மஞ்சள் வளையமிட்ட பெரிய கரும்பொட்டு, அதற்குள் வெள்ளியாய் மின்னும் இரண்டு புள்ளிகள். பின்னிறக்கையில் சிறிய வளையங்கள் வரிசையாக நிற்கும். கொத்த வரும் பறவை இந்தப் பொய்க்கண்களைக் குறிவைக்கும். இறக்கை ஓரம் கிழிந்தாலும் உயிர் தப்பிவிடும்.

இதன் வாழ்க்கை முழுவதும் புல்லோடுதான். புழு தின்பது புல். பூச்சியும் முழங்கால் உயரத்துக்கு மேல் அதிகம் எழும்பாமல், தத்தித் தத்தியே பறக்கும். தீ வந்தால் ஓடித் தப்ப முடியாது. புல்தாளோடு ஒட்டியிருக்கும் முட்டைக்கும் கூட்டுப்புழுவுக்கும் நகரக்கூட வழியில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சுமார் 2,000 மீட்டர் வரை உயரும் சிகரங்கள் உண்டு. உச்சியில் மரமின்றிப் புல் மட்டும் மூடிய பகுதிகளை மொட்டை என்பார்கள். இத்தகைய புல்வெளிகளே இந்த இனத்துக்கும் இதன் சுற்றத்துக்கும் ஏற்ற இடம். சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமான இம்மலை, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளில் மெல்லக் கசியவிடுவதும் அந்தப் புல்தான். வானம் பார்த்த இந்த மாவட்டத்துக்கு அதைவிடப் பெரிய நன்மை என்ன?

கோடையில் இம்மலையிலுள்ள சதுரகிரிக் கோயில் பக்கம் காட்டுத்தீ பிடிப்பது புதிதல்ல. அணையாத ஒரு பீடித்துண்டு போதும், காய்ந்த புல் பற்றிக்கொள்ள.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து 1923இல் தீப்பெட்டி செய்யத் தொடங்கிய ஊர் சிவகாசி. பொறியின் குணம் இந்த வட்டாரத்துக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் யாரும் தீப்பெட்டியோடு நுழைவதில்லை. இரும்புக் கருவியைக்கூட அனுமதிப்பதில்லை. பங்குனி, சித்திரையில் மலைப்புல்லும் மருந்து அறைதான்.

ஆகவே அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறை அடிவாரம் வழியாகச் சதுரகிரி ஏறும் பக்தர்கள் தீப்பெட்டி, பீடி, பட்டாசு எதையும் பையில் வைக்க வேண்டாம். சூடம் ஏற்றுவது கோயில் வளாகத்தோடு நிற்கட்டும். புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சலுக்காகத் தீ வைப்பதையும் கைவிட வேண்டும். மலையில் புகை கண்டால், உடனே அடிவாரத்து வனத்துறைச் சோதனைச் சாவடியில் சொல்லுங்கள்.