777 போடச் சொல்லும் புண்ணியவான்களே!

மக்களே, கொஞ்சம் சூடான பதிவு. பொறுத்துக்குங்க :-)

ரவுட்டருக்குப் பின்னாடி இருக்கிற யூஎஸ்பி துளையில ஒரு ஹார்ட் டிஸ்கைச் செருகிட்டா, வீட்ல இருக்கிற எல்லாக் கணினிக்கும் அது பொதுப் பரண். நல்ல ஏற்பாடுதான். நார்த்தாமலையில எங்க வீட்டுப் பரண்ல விஜயாலய சோழீச்சுரம் படங்களே ஆயிரக்கணக்குல கிடக்கு. கூடவே பட்டா நகல், பத்திரம், பிள்ளைங்க மதிப்பெண் சான்றிதழ், சொந்தக்காரங்க ஆதார் நகல்னு சகலமும்.

திடீர்னு ஒருநாள் 'அனுமதி மறுக்கப்பட்டது'ன்னு வரும். யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்: "சிஎச்மாட் 777 போட்டு, கெஸ்ட் அனுமதியைத் திறந்து விடு தல, வேலை முடிஞ்சுது!" என் சண்டை இந்த வைத்தியத்தோடதான்.

777னா என்னங்க? படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினா 7. முதல் ஏழு உரிமையாளருக்கு, ரெண்டாவது அவரோட குழுவுக்கு, மூணாவது உள்ள வர்ற அத்தனை பேருக்கும். சாவி திரும்பலைன்னு சொன்னா கதவையே கழட்டச் சொல்ற யோசனை!

இதுல கூத்து என்னன்னா, பாதி நேரம் அது பலிக்கவே பலிக்காது. டிஸ்க் ஃபேட்32 இல்லைன்னா எக்ஸ்ஃபேட் வடிவத்துல இருந்தா, லினக்ஸ் அனுமதிகளை எழுதி வைக்க அதுல இடமே கிடையாது. ரவுட்டர் அதை யார் பேர்ல ஏத்திக்கிச்சோ அதுதான் கணக்கு. என்டிஎஃப்எஸ்னா இன்னொரு வம்பு. விண்டோஸ் 8-லேர்ந்து வர்ற 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' கணினியை முழுசா அணைக்காது. அந்த நிலையில டிஸ்கைப் பிடுங்கி ரவுட்டர்ல மாட்டினா, பல நேரம் 'படிக்க மட்டும்'னு ஆயிடும். எக்ஸ்ட்4-ல லினக்ஸ் உங்க பேரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். கணினியில நீங்க 1000, ரவுட்டர்ல வேற எண்ணுன்னா நீங்க அந்நியர்தான். அங்க மாத்த வேண்டியது உரிமையாளரை, அனுமதியை இல்ல.

இதுபோக சாம்பா பகிர்வுக்குத் தனிப் பூட்டு இருக்கு. கோப்பு அனுமதி, பகிர்வு அனுமதி ரெண்டும் சரின்னு சொன்னாத்தான் எழுத முடியும். பழைய கடவுச்சொல்லை விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜர்ல ஒளிச்சு வச்சுக்கிட்டுப் படுத்துறதும் உண்டு. அதை அழிச்சாலே பல பேருக்குத் தீர்ந்துடும்.

"வீட்டுக்குள்ளதானே இருக்கு, எவன் வரப்போறான்?"னு கேட்பீங்க. வந்தாங்க சாமி! 2014 பிப்ரவரியில ஏசஸ் ரவுட்டர்கள்ல மாட்டியிருந்த 12,900-க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளுக்குள்ள வெளியாட்கள் புகுந்தாங்கன்னு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் சொல்லுச்சு. அமைப்பை அப்படியே ஏத்துக்கிட்டா இணையத்துல யார் வேணா டிஸ்கைத் திறக்கலாம்ங்கிற நிலை, பயனர் பேரும் கடவுச்சொல்லும் ரெண்டுமே 'ஃபேமிலி'ங்கிற லட்சணம், எல்லாம் அந்தக் குற்றச்சாட்டுல இருக்கு. 2016-ல சமரசம் பண்ணி, 20 வருஷத் தணிக்கைக்கு நிறுவனம் ஒத்துக்கிச்சு.

2017 மே மாசம் சாம்பாவுலயே ஓட்டை வெளிவந்துச்சு. 3.5 பதிப்பிலேர்ந்து இருந்த ஓட்டை. எழுத அனுமதி இருக்கிற ஒரு பகிர்வு கிடைச்சா, அதுல ஒரு கோப்பைப் போட்டு அந்தக் கருவியையே இயக்கலாம். நம்ம வைத்தியர் திறந்து விடச் சொன்னது அதைத்தானே? மென்பொருள் புதுப்பிப்பே வராத பழைய ரவுட்டர் வச்சிருக்கிறவங்க கதி என்ன?

படம், பாட்டு இருக்கிற அடைவை விருந்தாளிக்குப் படிக்க மட்டும் கொடுங்க, யாரும் வேணாம்னு சொல்லல. பட்டாவும் ஆதாரும் இருக்கிற அடைவுக்குத் தனிப் பயனர், தனிக் கடவுச்சொல். ரவுட்டர்ல இணையத்துக்குத் திறந்திருக்கிற எஃப்டிபியை மூடுங்க. டிஸ்க்ல இருக்கிறதுக்கு வேற எங்கயாவது இன்னொரு நகல் வைங்க.

அடுத்த தடவை யாராவது 'அனுமதி மறுக்கப்பட்டது'ன்னு வந்து நின்னா, புண்ணியமாப் போகும், மூணு கேள்வி கேளுங்க. டிஸ்க் எந்த வடிவம்? எந்தப் பேர்ல உள்ள நுழையறீங்க? அந்த அடைவுக்கு உரிமையாளர் யாரு? இதுக்குப் பதில் தெரியறவரைக்கும் அந்த மூணு ஏழையும் வாயில வச்சுக்கிட்டே இருங்க. வர்ட்டா?